இரட்டைமலை சீனிவாசனார்

கொங்கு நாட்டின் தலைநகர்போல விளங்குவது கோவை மாநகரம். மேற்கே மலைத்தொடர் அரணாக நிற்க, நொய்யலாறு வளமூட்ட வளர்ந்த இந்நகரம், கல்விக்கும் தொழிலுக்கும் ஒருங்கே பெயர்பெற்றது. கலைக் கல்லூரிகளும் பொறியியற் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இங்கே நிறைந்துள்ளன. காலைப்பொழுதில் மாணவர் கூட்டம் கூட்டமாகத் தெருக்களை நிரப்பிச் செல்வதை இன்றும் காணலாம். சற்றேறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னர், இதே நகரத்துத் தெருவில், எந்தக் கூட்டத்தோடும் சேராமல் ஒதுங்கி நடந்த இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே பிற்காலத்தில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் என நாடறிந்த பெரியார் ஆயினார்.

சீனிவாசனார் செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறந்த குடி, தீண்டத்தகாதது என்று சமூகம் ஒதுக்கிவைத்த குடிகளுள் ஒன்று. ஏட்டையும் எழுத்தாணியையும் அக்குடியினர் தொடுவதே குற்றமென எண்ணிய காலம் அது. ஆயினும், கல்வி ஒன்றே கண் திறக்கும் என்று துணிந்து, அவர் கோவைக் கலாசாலையில் சேர்ந்து பயின்றார்.

அந்நாளில் அக்கலாசாலையில் 400 மாணவர் அளவில் பயின்றனர். அவருள் பதின்மர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். சாதிக் கட்டுப்பாடுகளோ மிகக் கடுமையானவை. தம் குலமும் குடியிருப்பும் பிறருக்குத் தெரிந்தால் இழிவு நேருமே என்று சீனிவாசனார் அஞ்சினார். ஆகவே, காலையில் கலாசாலைக்கு வெளியே எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்புக் கலைந்ததும், உடன்பயில்வோர் தம்மை நெருங்கி ஊரும் பேரும் வினவுவதற்கு முன்னரே, விரைந்து வீடு சேர்வார். ஓடியாடும் பருவத்தில், ஒத்த வயதினர் ஆடக் கண்டும் அவரோடு கூடி விளையாட இயலாமற்போனதே அவர் நெஞ்சைப் பெரிதும் வருத்தியது. தம் எண்பதாம் அகவையில், 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலிலும் அவர் இதனை மறவாது குறித்துள்ளார். இளமையில் பட்ட புண் அத்துணை ஆழமானது.

அப்புண் அவரைச் சோர்வில் ஆழ்த்தவில்லை. தம்மைப்போலவே எண்ணற்றோர் ஒதுங்கி நிற்க நேர்ந்தது ஏன் என்னும் சிந்தனையே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. படிப்பை முடித்தபின் அவர் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றினார். ஊதியமும் அமைதியான வாழ்வும் அவருக்கு வாய்த்தன. எனினும், தாம் பெற்ற கல்வி தமக்கு மட்டுமே உரிய பொருளன்று என்று உணர்ந்த அவர், 1890ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, தம் மக்களை ஒன்றுகூட்டும் பணியைத் தொடங்கினார்.

1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் ஓர் இதழைத் தோற்றுவித்தார். நான்கு பக்கங்கள் கொண்ட அதன் விலை இரண்டு அணா. அவ்விதழுக்கு அவர் இட்ட பெயர் 'பறையன்' என்பது. எப்பெயரைச் சொல்லி உலகம் இழித்ததோ, எப்பெயர் வெளிப்படுமோ என்று கோவைத் தெருவில் அவர் அஞ்சி நடந்தாரோ, அப்பெயரையே இதழின் நெற்றியில் பொறித்தார். இரண்டே நாளில் சென்னை நகரில் 400 படிகளளவில் விற்றன. எழுத்தறியாதவர், அறிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்து கேட்டு மகிழ்ந்தனர். திங்களிதழாய்த் தோன்றிய அது பின்னர்க் கிழமையிதழாய் வளர்ந்து, 1900ஆம் ஆண்டு வரை ஒடுக்கப்பட்டோர் குரலாய் ஒலித்தது.

அதன்பின் சீனிவாசனார் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். தாயகம் திரும்பிய பின்னர், 1923ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றை எக்குலத்தவரும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமைக்காக 1924ஆம் ஆண்டில் அம்மன்றத்தில் வாதாடியவர்களுள் அவர் முதன்மையானவர். கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் என்னும் உறுப்பினரும் இவ்வுரிமைக்காக அங்கே அயராது உழைத்தார். தெருவில் நடப்பதும் கிணற்றில் நீர் மொள்ளுவதும் போராடிப் பெறவேண்டிய உரிமைகளாக இருந்தன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது!

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாடுகளில், அண்ணல் அம்பேத்கருடன் சீனிவாசனாரும் கலந்துகொண்டார். அங்கு அவர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது, தாம் தீண்டத்தகாதவர் எனப்படும் இனத்தவர் என்று அறிவிக்கும் அடையாளச் சொல்லைத் தம் உடையில் அணிந்திருந்தார். மன்னர் அதன் பொருளை வினவ, அவர் தம் மக்கள் படும் அவலத்தை எடுத்துரைத்தார். தொட்டால் தீட்டு என்று தாய்நாடு விலக்கிய கையை அம்மன்னர் பற்றிக் குலுக்கினார். உடன்பயின்ற சிறுவர்க்கும் தம்மை மறைத்துக்கொண்ட மாணவர், முடிமன்னர் முன்னிலையில் தம்மை மறையாது நின்றார். இவ்விரு காட்சிகளுக்கும் இடைப்பட்ட தொலைவே அவருடைய வாழ்க்கை வரலாறு.

சீனிவாசனார் 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இயற்கை எய்தினார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை.

மாணவர்களே, இவ்வரலாற்றில் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. அந்த 400 மாணவரும் நூல் பல கற்றனர், தேர்வுகளிலும் வென்றிருப்பர். ஆயினும், மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்த தோழரை உள்ளே வா என்று அழைத்து, உடன் விளையாட இடம் கொடுத்தவர் எவரும் இலர். சட்டம் தெருவையும் கிணற்றையும் திறக்கலாம். உள்ளத்தின் கதவைத் திறப்பது கற்றவர் கடமை. நாளை நீங்கள் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் செல்வீர்கள். அங்கே எவரேனும் ஒதுங்கி நிற்கின்றனரா என்று நோக்குங்கள். அவர் ஒதுங்கி நிற்பதன் காரணத்தை ஆராயுங்கள். அக்காரணம் அநீதியாயின், அதனை நீக்க முன்வாருங்கள். சீனிவாசனார் பட்ட துயரை மற்றொரு மாணவர் படாமற் காப்பதே அவருக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.