நாவு அடைபட்ட நாட்கள்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் திருப்பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் அரிது. அவர்களுடைய கல்வியின் பெருமையைப் பேசும் நாம், எத்தகைய காயத்தின் வழியாக அக்கல்வி கனிந்தது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராஸான் நாட்டுத் தூஸில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்றுப் பிழைத்த ஏழை. ஆலிம்களின் மஜ்லிஸில் அமர்ந்து, தமக்கும் கல்வியுள்ள பிள்ளையைத் தருமாறு அழுது துஆக் கேட்பவர். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே அவர் வஃபாத்தானார். இரு மக்களையும் ஒரு ஸூஃபி நண்பர் வளர்த்தார். தந்தை விட்டுச் சென்ற சிறுதொகை தீர்ந்ததும், உணவு கிடைக்குமே என்று அவர்களை மத்ரஸாவில் சேரச் சொன்னார். ஆக, யதீம் பிள்ளைகளைக் கல்வியின் வாசலுக்கு அழைத்துச் சென்றது பசிதான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதி, வாதத் திறமையில் ஒப்பற்று விளங்கினார்கள். ஹிஜ்ரி 484-ல் (1091) அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியராக நியமித்தார். அங்கே சுமார் 300 மாணவர்கள் அவர்களிடம் ஓதினர்.

அந்தப் புகழின் உச்சியில், தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி அவர்களைப் பிடித்துக் கொண்டது. பெயருக்காகவே என்று உள்ளம் பதில் சொல்லிற்று. பதவியை விடவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் இந்தப் போராட்டம். ஹிஜ்ரி 488-ல் (1095) நாவு அடைபட்டது. மாணவர்களுக்காகப் பேச முயன்றும் ஒரு சொல்லும் வரவில்லை. உணவு செரிக்கவில்லை. நோயின் வேர் கல்பில் இருப்பதாகக் கூறி வைத்தியர்கள் கைவிரித்தனர்.

எந்த நாவு அவர்களுடைய பெரும் செல்வமோ, அங்கேதான் அடி விழுந்தது!

குடும்பத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு, மற்றச் செல்வத்தைப் பகிர்ந்தளித்துப் பக்தாதை விட்டு வெளியேறினார்கள். திமிஷ்கிலும் பைத்துல் முகத்தஸிலும் தனித்திருந்து இபாதத் செய்தார்கள், ஹஜ்ஜும் செய்தார்கள். அந்த ஏகாந்த ஆண்டுகளில் பிறந்ததே 40 பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்'. அதில் நாவின் ஆபத்துக்களுக்கு ஒரு பகுதி. பதவி ஆசைக்கும் முகஸ்துதிக்கும் ஒரு பகுதி. தாம் பட்ட நோய்க்கே பிறருக்கு மருந்து எழுதினார்கள். ஹிஜ்ரி 499-ல் (1106) நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். வேலை அதேதான், நிய்யத்து வேறு. ஹிஜ்ரி 505-ல் (1111) தூஸில் வஃபாத்தானார்கள்.

அன்பர்களே! காயம் தானாக எவரையும் உயர்த்தி விடாது. காயத்தின்முன் அமர்ந்து, தம் உள்ளத்தை விசாரித்ததே இமாமவர்களை உயர்த்திற்று. நம் வீட்டிலும் நன்றாக ஓதும் பிள்ளை ஒருநாள் வாயடைத்துப் போகலாம். அவனைக் கடிந்து கொள்ளாதீர்கள். பிறர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள், அருகில் அமர்ந்து அவன் மனக்குறையைக் கேளுங்கள். நம் புகழுக்காக அவனை ஓதச் சொன்னோமா என்று நம்மையும் கேட்டுக் கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் திறமைகளில் இக்லாஸையும், நம் காயங்களில் ஷிஃபாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.