ராணுவ தினமும் கரியப்பாவும்

பொங்கலை ஒட்டி வரும் ஜனவரி 15 நம் ராணுவ தினம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏன் அந்தத் தேதி? 1949-ல் அன்றுதான் ஆங்கிலேயரான ஜெனரல் ராய் புச்சரிடமிருந்து கே.எம். கரியப்பா பொறுப்பேற்றார். ராணுவத்துக்கு ஓர் இந்தியர் தலைமைத் தளபதி ஆனது அதுவே முதல் முறை.

கரியப்பா பிறந்தது குடகில், 1899-ல். மடிக்கேரியில் பள்ளிப்படிப்பு. பிறகு நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். கடற்கரைச் சாலையில் போகும்போது அந்தக் கட்டடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1919-ல் இந்தூரில் பயிற்சி முடித்து அதிகாரியானார். குவெட்டா ராணுவக் கல்லூரியில் 1933-ல் சேர்ந்த முதல் இந்தியர், 1942-ல் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் என்று பல முதல்கள் அவருக்கு உண்டு. 1948 காஷ்மீர்ப் போரில் மேற்குப் பகுதிப் படைகள் அவர் பொறுப்பில் இருந்தன.

1953 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கு இந்தியத் தூதராக அனுப்பப்பட்டார். வெள்ளையர் அல்லாதவர் குடியேற ஆஸ்திரேலியா அப்போது இடம் தரவில்லை. தூதர்கள் பொதுவாக இதையெல்லாம் நாசூக்காகத் தவிர்ப்பார்கள். கரியப்பா அந்தக் கொள்கையை வெளிப்படையாகவே குறை சொன்னார். அங்கே சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1956 வரை அந்தப் பதவியில் இருந்தார். அதன்பின் மடிக்கேரி வீட்டுக்குத் திரும்பினார்.

1965 போரில் விமானப்படையில் இருந்த அவர் மகனின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மகன் பாகிஸ்தானில் கைதியானார். அந்நாட்டு அதிபர் அயூப்கான், பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். உங்கள் மகனை விடுவிக்கட்டுமா என்று கேட்டு அனுப்பினாராம். கைதிகள் எல்லோருமே என் பிள்ளைகள், எல்லோரையும் ஒன்றாக நடத்துங்கள், தனிச்சலுகை வேண்டாம் என்று மறுத்துவிட்டாராம் கரியப்பா. மகன் 1966-ல்தான் வீடு திரும்பினார்.

வங்கி கவுண்ட்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். தெரிந்தவர் என்பதற்காக வரிசையில் பின்னால் நின்றவருக்கு முதலில் பணம் கொடுத்ததுண்டு. முன்னால் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பெற்ற பிள்ளை சிறையில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு உறுதி வேண்டும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1986-ல் ஃபீல்டு மார்ஷல் பட்டம் அவருக்கு வந்தது. மானெக்‌ஷாவுக்கு அடுத்து அதைப் பெற்றவர் அவரே. 1993-ல் பெங்களூரில் தமது 94-வது வயதில் காலமானார். அடுத்த ஜனவரி 15 அன்று டிவியில் அணிவகுப்பு வரும்போது, உங்கள் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.