மின்விசையால் காரை எழுப்பிய கெற்றரிங்

கைப்பிடி சுழற்றிக் காரை இயக்கிய துன்பத்தை உலகினின்றும் நீக்கியவர் சார்ல்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கர். 1876ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்து வேளாண் குடும்பமொன்றில் அவர் தோன்றினார். இளமையில் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றினார். அதனால் அவர்பால் எனக்குத் தனியன்பு உண்டு. பல்கலைக்கழகம் புகுந்தபின் கண்ணோய் கல்வியைத் தடுத்தது. தொலைபேசிக் கம்பி அமைக்கும் தொழிலாளருடன் சிலகாலம் உழைத்து, மீண்டும் கற்று, 1904இல் மின்பொறியியற் பட்டம் பெற்றார்.

டேட்டன் நகரில் காசுப்பதிவுப் பொறி செய்யும் நிறுவனத்தில் அமர்ந்து, கையாற் சுழற்றிய அப்பொறிக்கு மின்மோட்டார் அமைத்தார். அம்மோட்டார் நாள்முழுதும் ஓட வேண்டுவதில்லை. சிறுபொழுது பேராற்றல் காட்டினாற் போதும். இவ்வுண்மையே அவர்தம் பிற்காலப் புகழுக்கு வித்தாயிற்று.

அந்நாளில் காரின் முன்னின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றுவர். தீப்பொறி முந்தினால் அது எதிர்த்துத் திரும்பி மணிக்கட்டை முறித்துவிடும். கடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்டு இதற்கு மாற்று வேண்டினார். காரை எழுப்பும் மோட்டார் அதன் இயந்திரமளவு பெரிதாயிருத்தல் வேண்டுமென அறிந்தோர் பலர் கருதினர். சில நொடி மட்டும் மிகுபாரம் தாங்கும் சிறு மோட்டாரே போதுமெனக் கெற்றரிங் கண்டார். 1909இல் எட்வர்ட் டீட்ஸ் என்பாருடன் நிறுவிய டெல்கோ நிறுவனத்தின் வாயிலாக, 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் அதனைப் பொருத்தினார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அம்மோட்டாரே மின்னாக்கியாகிப் பற்றரிக்குத் தான் பெற்ற கடனைத் திருப்பித் தந்தது.

இக்கருத்தை உணர்ந்தோர்க்கு ஸ்டார்ட்டரின் பிணியறிதல் எளிது. ரிவஸ்டன் மலையேறி எங்கள் லக்கலைக்கு வரும் கார்கள் காலைக்குளிரில் எழ மறுத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். உடனே மோட்டாரைக் கழற்றுதல் வீண்வேலை. நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் பாயவேண்டுமாதலின், பற்றரி முனையிற் படிந்த சிறு களிம்பும் பெருந்தடையாகும். முன்விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புக. ஒளி மிக மங்கினால் பற்றரியின் வலுவையும் முனைகளின் இறுக்கத்தையும் முதலில் ஆராய்க. ஒளி மங்காது, மோட்டாரும் அசையாதிருப்பின், மின் அதனைச் சென்றடையவில்லை எனக் கொண்டு, சுவிட்சையும் கம்பிகளையும் வரிசையாகச் சோதிக்க. மோட்டார் மட்டும் சுழன்று இயந்திரம் அசையாதாயின், பற்சக்கரம் பொருந்தவில்லை என்க. நோயின் முதலை நாடியபின் மருந்து நாடுதலே முறை.

கெற்றரிங் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சித் துறையை நடத்தினார். அவர் ஆய்வுக்கூடத்தில் 1921இல் பெட்ரோலில் ஈயச்சேர்மம் கலக்கும் முறை கண்டறியப்பட்டது. 1924இல் அதனைச் செய்த தொழிலாளர் சிலர் நஞ்சேறி மாண்டனர். மருத்துவ அறிஞர் எச்சரித்தனர். எனினும் அவர் அதனைக் கைவிடவில்லை. அவர் 1958 நவம்பர் 25இல் மறைந்தபின்னரும் அந்நஞ்சு நெடுங்காலம் நீடித்தது. உலகச் சாலைகளினின்றும் அது முற்றாக நீங்கியது 2021இலேயே.

அவர் வரலாற்றை மாணவர்க்குக் கூறுங்கால் இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதல் ஆசிரியர் கடன். ஒரு நொடியின் பாரத்தைச் செம்மையாய் அளந்த அப்பேரறிஞர், நூற்றாண்டின் பாரத்தை அளக்கத் தவறினார்.