நோபலுக்கு முன் ஒலியின் பின்னால் ஓடிய சி.வி.ராமன்: வீட்டு ஸ்டூடியோவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

மணலி, திருவொற்றியூர், ராயபுரம் என வடசென்னையில் கானா பாடும் இளைஞர்கள் பலர், வீட்டில் இருக்கும் ஒரு அறையையே ரெக்கார்டிங் ஸ்டூடியோவாக மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல மைக் வாங்கியாச்சு, சுவரில் ஃபோமும் ஒட்டியாச்சு. ஆனாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. பேஸ் சத்தம் ஒரு இடத்தில் குமுறுகிறது, இரண்டடி தள்ளி நின்றால் காணாமல் போகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் அறைதான்.

இந்தக் குமுறலுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலில் பல ஆண்டுகள் மூழ்கிக் கிடந்த ஒரு தமிழர் உண்டு. ஒளி ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி.ராமன்தான் அவர். ஆனால் நோபலுக்கு முன்பு அவரை அதிகம் இழுத்தது ஒலி. அந்தக் கதையைப் பார்க்கலாம்.

வயலின் ஒலித்த வீடு

1888 நவம்பர் 7-ம் தேதி திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலினும் வாசிப்பார். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைக்க, குடும்பமும் அங்கே போனது. பிறகு மேற்படிப்புக்குச் சென்னை வந்த ராமன், மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. படிக்கும்போதே, 1906-ல் லண்டனின் ஃபிலசாஃபிக்கல் மேகசின் இதழில் அவரது முதல் ஆய்வுக் கட்டுரை வெளியாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 18.

இங்கிலாந்து போய்ப் படிக்க அவரது உடல்நிலை தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தியாவில் இருந்தபடி விஞ்ஞானியாகப் பிழைக்கவும் அன்று பெரிய வழியில்லை. அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் அரசு அதிகாரி ஆனார். அதே ஆண்டு லோகசுந்தரியுடன் திருமணம். அவர் வீணை வாசிப்பவர்.

காலையில் ஆய்வு, பகலில் ஆபீஸ், இரவில் ஆய்வு

கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. பெரிய கருவிகள் இல்லாத இடம். விடிந்ததும் அங்கே போவார் ராமன். பிறகு வீட்டுக்கு வந்து ஆபீஸ் கிளம்புவார். மாலையில் மறுபடி ஆய்வகம். பல வருஷம் இப்படியே ஓடியது.

கம்பி, வில், தோல் இருந்தால் போதும் என்பதால் இசைக்கருவிகள் அந்த எளிய ஆய்வகத்துக்குச் சரியாகப் பொருந்தின. வயலினில் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஒலி திக்கித் திணறும். மேலைநாட்டு இசைக்காரர்கள் இதை ‘ஓநாய்ச் சுரம்’ என்பார்கள். 1916-ல் ராமன் இதை ஆராய்ந்தார். கம்பியின் அதிர்வும் வயலின் உடலின் இயல்பான அதிர்வும் ஒன்றோடொன்று மோதுவதுதான் சிக்கல் என்று விளக்கினார். 1917-ல் அரசு வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

மிருதங்கத்தில் இருந்த ரகசியம்

வட்டமான வெறும் தோலைத் தட்டினால் கிளம்பும் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால் பறை, முரசு வகைகளில் தெளிவான சுரம் வராது என்பதுதான் மேலைநாட்டு இயற்பியல் சொன்னது. ஆனால் மிருதங்கத்தில் சுருதி சேர்க்கிறோமே, எப்படி?

1920-ல் ராமனும் சிவகாளி குமாரும் நேச்சர் இதழில் பதில் எழுதினார்கள். தோலின் நடுவில் பூசப்படும் கறுப்புச் சாந்தின் எடைதான் காரணம். அது தோலின் ஒன்பது வகை அதிர்வுகளை ஐந்து இசைவான சுரங்களாகக் கூட்டிச் சேர்க்கிறது. ஏட்டில் எழுதாமலேயே நம் கைவினைஞர்கள் இதைச் செய்துவந்தார்கள் என்பதை உலக அறிவியல் இதழில் பதியவைத்தார் ராமன்.

கிசுகிசுத்தாலும் கேட்கும் சுவர்

1921-ல் முதல் வெளிநாட்டுப் பயணம். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போனவர், லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்கும் போனார். அதன் குவிமாடத்துக்குக் கீழே ஒரு வட்டமான மாடம் உண்டு. ஒரு பக்கச் சுவரில் வாய் வைத்துக் கிசுகிசுத்தால், எதிர்ப்பக்கம் சுவரோடு காது வைத்திருப்பவருக்குக் கேட்கும்.

ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து போகிறது என்று விஞ்ஞானி ரேலி ஏற்கெனவே விளக்கியிருந்தார். ராமனும் சதர்லேண்டும் சோதனை செய்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. சுவரிலிருந்து விலகி வர வர ஒலி சீராகக் குறையவில்லை. ஓரிடத்தில் கூடியது, அடுத்து குறைந்தது, மறுபடி கூடியது. இந்தியா திரும்பியதும் பீஜப்பூர் கோல் கும்பஸ் போன்ற கட்டடங்களின் ஒலியையும் ஆராய்ந்தார்.

அப்படின்னா, நம்ம அறைக்கு என்ன பாடம்?

அறைக்குள் ஒலி எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிற்பதில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 10 அடி இருந்தால், சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி அங்கேயே நின்று குமுறும். 10-க்கு 10 சதுர அறையில் இரண்டு ஜோடிச் சுவர்களும் அதே அதிர்வெண்ணைத் தூக்கிவிடுவதால் தொல்லை அதிகம். அறையே ஒரு ‘ஓநாய்ச் சுரம்’ போடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் கீச்சுச் சத்தத்தை ஓரளவு உறிஞ்சும். பேஸை அவற்றால் அடக்க முடியாது. வெளியே போகும் கன்டெய்னர் லாரி சத்தத்தையும் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும் வேண்டும். பேஸ் குமுறலுக்கு அறை மூலைகளில் தடிமனான ராக்வுல் பேனல் வைப்பது பலன் தரும்.

எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டால் அறை செத்துப்போன மாதிரி இருக்கும். அதனால் ஒலியைச் சிதறடிக்கும் ‘டிஃப்யூசர்’ பயன்படுத்துகிறார்கள். வெவ்வேறு ஆழத்தில் பள்ளங்கள் உள்ள மரப்பலகை அது. ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் அலை வெவ்வேறு நேரத்தில் திரும்புவதால், ஒலி பல திசைகளில் பிரிகிறது. 1970-களில் இதை வடிவமைத்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரட் ஷ்ரோடர்.

இங்கேயும் ராமனின் பெயர் கிட்டே வருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தபோது, 1935-36-ல் ராமனும் நாகேந்திர நாத்தும் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். திரவத்துக்குள் ஓடும் ஒலி அலைகள், ஒளியைப் பல திசைகளில் பிரிக்கும் என்பதற்கான விளக்கம் அது. அலையின் ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்தினால் அலை பிரியும் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான அடிப்படை.

கடலில் மாறிய பாதை

1921-ல் லண்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் ராமனைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து கவனம் ஒளிச்சிதறல் பக்கம் போனது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். ஆனாலும் ஒலியை அவர் விட்டுவிடவில்லை. ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியல் தொகுப்புக்கு 1927-ல் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதினார். நோபல் வாங்கிய பிறகு 1934-லும் மிருதங்கம், தபேலா பற்றிக் கட்டுரை எழுதினார்.

1954-ல் பாரத ரத்னா பெற்ற ராமன், 1970 நவம்பர் 21-ல் பெங்களூருவில் காலமானார். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது, அன்று எல்லோரும் பேசுவது ஒளியைப் பற்றித்தான். ஆனால் அலை என்றால் என்ன என்று அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவை கம்பியும் தோலும் சுவரும். சுவரில் எதையாவது ஒட்டக் காசு செலவழிக்கும் முன், கைதட்டியபடி அறையைச் சுற்றி வந்து காதால் கவனிப்பது நல்லது. செயின்ட் பால் மாடத்தில் ராமன் தொடங்கியதும் அப்படிக் கவனித்துக் கேட்பதில்தான்.