பிரதமருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளின் ஆள்தேவை அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெறும் சொல் அனுபவம். வெல்டிங் செய்வதானாலும் தரப் பரிசோதனையானாலும் முன்பு எங்கே, எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். அதே ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டி, 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. நாட்டின் தலைமைப் பொறுப்புக்கு நம் அரசமைப்புச் சட்டம் எந்த முன் அனுபவத்தையும் கேட்பதில்லை. குடியுரிமை, மக்களவைக்கு 25 வயது, அவையில் பெரும்பான்மை ஆதரவு ஆகியவை போதும். இது சரியா என்று சிந்திப்பதற்கு ராஜீவின் வாழ்க்கை பொருத்தமான பாடம் என்று கருதுகிறேன்.

1944 ஆகஸ்ட் 20 அன்று மும்பையில் பிறந்தவர் அவர். டூன் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜில் பொறியியல் பயிலச் சென்று, பட்டம் பெறாமல் திரும்பினார். இந்தியன் ஏர்லைன்ஸ் விமானியாக எழுபதுகள் முழுவதும் பணியாற்றினார். பாட்டனாரும் தாயாரும் பிரதமர்களாக இருந்த வீட்டில் அரசியலிலிருந்து விலகியே வாழ்ந்தார். 1980 ஜூனில் தம்பி சஞ்சய் விமான விபத்தில் இறந்ததும் அந்த விலகல் முடிவுக்கு வந்தது. 1981இல் அமேதி இடைத்தேர்தலில் வென்றார்; 1983இல் கட்சியின் பொதுச் செயலாளரானார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட அன்று மாலையே பிரதமராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 40.

அவருக்கு முன் பிரதமரான எவரும் அமைச்சர் பொறுப்பை அறியாதவரல்லர். நேரு 1946இன் இடைக்கால அரசில் இருந்தார். அதற்கும் முன் அலகாபாத் நகராட்சித் தலைவராக இருந்தார். சாஸ்திரி ரயில்வேயையும் உள்துறையையும் கவனித்தவர். மொரார்ஜி தேசாய் பம்பாய் மாகாண முதல்வராகவும், சரண் சிங் உத்தரப் பிரதேச முதல்வராகவும் இருந்தவர்கள். இந்திராகூட செய்தி ஒலிபரப்புத் துறையை நடத்திய பின்னரே பிரதமரானார். ராஜீவ் எந்த அமைச்சகத்தின் கோப்பிலும் அதுவரை கையெழுத்திட்டதில்லை. அந்த டிசம்பரில் நடந்த தேர்தலில் 400க்கும் மேற்பட்ட இடங்களை மக்கள் அவருக்கு அள்ளித் தந்தார்கள்.

விமானி அறையில் கற்ற பழக்கம் அவருக்குக் கைகொடுத்த துறைகள் உண்டு. கணினியையும் தொலைத்தொடர்பையும் அவர் அளவுக்கு விரும்பி ஊக்குவித்த பிரதமர் முன்பு இருந்ததில்லை. குடிநீர், தடுப்பூசி, எழுத்தறிவு போன்றவற்றைத் தொழில்நுட்ப இயக்கங்களாக வகுத்துக் காலக்கெடுவுடன் நடத்தினார். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 1985இல் வந்தது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்ததும் அவருடைய ஆட்சியில்தான். குறிக்கோள் தெளிவாகவும் வழிமுறை அறியப்பட்டதாகவும் இருந்த பணிகளில் அவர் வேகமாகவும் நன்றாகவும் செயல்பட்டார்.

மனிதர்கள் மறுக்கக்கூடிய பணிகளில் கதை வேறு. 1985 ஜூலையில் பஞ்சாப் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு மாதத்துக்குள் அதில் கையெழுத்திட்ட லோங்கோவால் கொல்லப்பட்டார். 1986 குடியரசு நாளில் சண்டீகர் பஞ்சாபிடம் ஒப்படைக்கப்படும் என்ற வாக்குறுதியும் நிறைவேறவில்லை. ஷா பானு வழக்குத் தீர்ப்பை முதலில் ஆதரித்த அரசு, எதிர்ப்பு வலுத்ததும் 1986இல் அதன் பயனைக் குறுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1987 ஜனவரியில் வெளியுறவுச் செயலாளர் வெங்கடேஸ்வரன் மாற்றப்படவிருப்பதைச் செய்தியாளர் கூட்டத்திலேயே பிரதமர் தெரிவித்தார். அந்த அதிகாரி உடனே பதவி விலகினார்.

தமிழர்களாகிய நமக்கு மிக நெருங்கிய சான்று 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம். ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியவர்களான விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திட்ட தரப்பாக இல்லை. அமைதி காக்கப் போன படை, அவ்வாண்டு அக்டோபரிலேயே போரில் இறங்க நேர்ந்தது. 1990 மார்ச்சில் அது திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் ஈழத் தமிழ்ப் பொதுமக்கள் பலரும் மடிந்திருந்தார்கள். ராஜீவின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் உண்மையான பேரம் தொடங்குகிறது என்பது, அரசியலில் நெடுங்காலம் காத்திருந்து ஏமாந்தவர்களுக்கே தெரியும். அந்த அறிவை அவர் பதவியில் இருந்துகொண்டே பெற வேண்டியிருந்தது. அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் மற்றவர்கள்; கடைசியில் அவரும்.

நெடிய அனுபவம் மட்டுமே போதும் என்றும் சொல்வதற்கில்லை. நெருக்கடிநிலையை அறிவித்தபோது இந்திரா ஒன்பது ஆண்டுகள் பிரதமராக இருந்திருந்தார். எத்தனை ஆண்டு என்பதைக் காட்டிலும் எத்தகைய அனுபவம் என்பதே என் கேள்வி. மறுத்துப் பேசுபவரை விலக்க முடியாத ஓர் அவையை நடத்தியிருக்கிறாரா? தோற்றிருக்கிறாரா? தன் முடிவின் விளைவை அதே ஊரில் வாழ்ந்து அனுபவித்திருக்கிறாரா? சேலம் நகராட்சியில் ராஜாஜியும் அகமதாபாத் நகராட்சியில் படேலும் பெற்றது இத்தகைய பயிற்சியே.

இதை ராஜீவ் தாமே உணர்ந்திருந்தார் என்று நினைக்க இடமிருக்கிறது. உள்ளாட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தரும் 64ஆவது திருத்த மசோதாவை 1989இல் கொண்டுவந்தவர் அவர். மாநிலங்களின் உரிமையைத் தாண்டிச் செல்கிறது என்ற எதிர்ப்புக்கிடையே அது மாநிலங்களவையில் தோற்றது. அடுத்து வந்த தேர்தலில் ஆட்சியை இழந்து எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். தோல்வி என்னும் பள்ளியில் அவர் சேர்ந்தது அப்போதுதான். அங்கே கற்றதைக் கொண்டு எப்படி ஆண்டிருப்பார் என்பதை அறியும் வாய்ப்பை ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டு பறித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 46.

அவர் விட்டுச்சென்ற எண்ணம் வேறு வடிவில், 73ஆவது திருத்தமாக, 1993இல் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கு அது தந்த மூன்றில் ஒரு பங்கு இடம், தமிழ்நாட்டில் இன்று பாதியாக உயர்ந்திருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு நடுவே குடிநீருக்கும் ஏரிக்கும் குப்பைக்கும் வழி தேடும் ஊராட்சித் தலைவர்கள், எந்தக் கல்லூரியும் தராத பயிற்சியைப் பெற்றுவருகிறார்கள். ஆனால், நம் கட்சிகள் வேட்பாளரைத் தேடும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது அரிது. குடும்பப் பெயரும் திரைப்புகழும் பணமும் முந்திக்கொள்கின்றன. அனுபவத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டாம். அது மக்களின் தேர்வுரிமையைக் குறுக்கும். ஆனால், வாக்குக் கேட்டு வருபவரிடம் முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.