கடலில்லாத ஊரின் அட்மிரல்

சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும், கடலைக் காண ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். அந்த நகரில்தான் 1918 நவம்பர் 18-ஆம் தேதி, அலெக்சாந்தர் கொல்சாக் என்ற கடற்படைத் தளபதி, ரஷ்யா முழுமைக்கும் உச்ச ஆட்சியாளராக அறிவிக்கப்பட்டார்.

நான் கொல்சாக்கை முதலில் அறிந்தது சர்வாதிகாரியாக அல்ல, துருவ ஆய்வாளராக. 1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பீரங்கிப் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1900-இல் எட்வர்ட் டோல் தலைமையில் வடதுருவக் கடலுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் இடம்பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, மூன்று துணைவர்களுடன் பென்னெட் தீவுக்குச் சென்ற டோல் திரும்பவேயில்லை. அவரைத் தேடி, 1903-இல் பனிக்கட்டிகள் மிதக்கும் கடலில் ஒரு சிறு படகில் கொல்சாக் புறப்பட்டார். வழியில் பனி உடைந்து நீருக்குள் விழுந்து, தோழர் ஒருவரால் மீட்கப்பட்டார். தீவில் கிடைத்தவை டோலின் குறிப்புகள் மட்டுமே. ஆனால், தன்னுடன் வந்த ஒருவரைக்கூட இழக்காமல் கொல்சாக் கரை திரும்பினார். இந்தக் கடைசிச் செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னாளில் ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பொறுப்பேற்றவர் இவர்.

1904-இல் இர்கூத்ஸ்க் நகரில் திருமணம் நடந்தது. உடனே ஜப்பானுடனான போருக்காக ஆர்தர் துறைமுகம் சென்றார். அங்கு அவர் விரித்த கண்ணிவெடிகளில் சிக்கியே தகசாகோ என்ற ஜப்பானியக் கப்பல் மூழ்கியது. கோட்டை வீழ்ந்ததும் சிறைப்பட்டு, நாகசாகியிலிருந்து விடுதலையானார். துருவக் கடலின் பனி குறித்து அவர் எழுதிய நூல் 1909-இல் வெளியானது. முதல் உலகப் போரின்போது 41 வயதில் கருங்கடல் கடற்படையின் தளபதியானார். 1917 ஜூன் மாதம், அதிகாரிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று மாலுமிகளின் குழு முடிவெடுத்தபோது, ஆர்தர் துறைமுக வீரத்துக்காகப் பெற்ற தங்க வாளைக் கடலில் எறிந்துவிட்டுப் பதவி விலகினார்.

அவர் அமெரிக்கா சென்று, அங்கிருந்து ஜப்பான் வந்து சேர்ந்த காலத்தில், ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தனர். பிரிட்டிஷ் படையில் சேர்ந்து போரிட விரும்பி மெசபடோமியாவுக்குப் புறப்பட்டவரை, சிங்கப்பூரிலேயே நிறுத்தி, தூர கிழக்குக்குத் திரும்புமாறு பிரிட்டிஷார் கேட்டுக்கொண்டனர். அந்தத் திருப்பம்தான் அவரை ஓம்ஸ்க்கில் சேர்த்தது.

ஓம்ஸ்க்கில் அப்போது ஐவர் கொண்ட ஓர் ஆட்சிக் குழு இருந்தது. கொல்சாக் அதன் போர் அமைச்சர். நவம்பர் 17 நள்ளிரவில், கோசாக் அதிகாரிகள் அந்தக் குழுவின் சோஷலிஸ்ட் உறுப்பினர்களைக் கைது செய்தனர். மறுநாள் காலை கூடிய அமைச்சரவை, சர்வாதிகாரியைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தது. ஒரே ஒரு வாக்கைத் தவிர எல்லாம் கொல்சாக்குக்கே. கைதுகளில் தமக்குப் பங்கில்லை என்று பின்னர் விசாரணையில் அவர் கூறினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், கைது செய்த அதிகாரிகள் விசாரணையில் விடுவிக்கப்பட்டுப் பதவி உயர்வும் பெற்றனர். சதியின் பலனை ஏற்றவர், சதியாளர்களுக்குப் பரிசும் அளித்தார் என்றால், திட்டத்தை முன்பே அறிந்திருந்தாரா என்ற கேள்விக்கு என்ன மதிப்பு?

அடுத்த மாதமே அதன் விளைவு தெரிந்தது. ஓம்ஸ்க்கில் எழுந்த கிளர்ச்சியில், சிறையிலிருந்த அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் சிலர் விடுவிக்கப்பட்டனர். கிளர்ச்சி அடங்கியதும், சட்டத்தை நம்பித் தாமாகவே சிறைக்குத் திரும்பிய அவர்களை அதிகாரிகள் இர்திஷ் ஆற்றங்கரையில் கொன்றனர். 1919 மார்ச்சில் யெனிசேய் மாகாணத்தில், எதிர்க்கும் கிராமங்களை எரிக்கவும் பிணைக்கைதிகளைச் சுடவும் அவருடைய தளபதி ஒருவர் ஆணையிட்டார். அந்த மாதம்தான் கொல்சாக்கின் படைகள் உஃபா நகரைக் கைப்பற்றி வோல்காவை நோக்கி முன்னேறின. ஆனால் அவர்களுக்குப் பின்னால் விவசாயிகள் கிளர்ந்தெழுந்துகொண்டிருந்தனர். பின்லாந்தின் விடுதலையை ஏற்றால் அந்நாட்டின் உதவி கிடைக்கும் என்ற நிலையிலும், பிளவுபடாத ரஷ்யா என்ற கொள்கையை அவர் விடவில்லை. கடலையும் கண்ணிவெடிகளையும் நுட்பமாக அறிந்தவருக்கு, நிலம் கேட்கும் விவசாயியிடமும் தனிநாடு கேட்கும் அண்டை இனத்திடமும் பேசத் தெரியவில்லை.

1919 நவம்பரில் ஓம்ஸ்க் வீழ்ந்தது. கசானில் முன்பு கைப்பற்றப்பட்ட அரசுத் தங்கக் கையிருப்பில் எஞ்சியதும், கொல்சாக்கும் ரயிலில் கிழக்கு நோக்கிப் பயணித்தனர். பாதுகாப்பு அளிக்க வேண்டிய செக்கோஸ்லோவாக்கியப் படையினர், 1920 ஜனவரி 15 அன்று இர்கூத்ஸ்க்கில் அவரை எதிரிகளிடம் ஒப்படைத்தனர். அவரை நேசித்த அன்னா திமிரியோவா, தன்னையும் கைது செய்யுமாறு கேட்டு உடன் சிறை புகுந்தார். பிப்ரவரி 7 விடியற்காலையில், தம் பிரதமர் பெப்பெல்யாயெவுடன் கொல்சாக் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல்கள் உறைந்த ஆற்றின் பனித் துளை வழியே தள்ளப்பட்டன. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவர் மணம் புரிந்த ஊர் அது. பல ஆண்டுகள் முகாம்களிலும் நாடு கடத்தலிலும் கழித்த அன்னா, 1975 வரை வாழ்ந்தார்.

காரா கடலில் ஒரு தீவுக்கு டோல் 1901-இல் கொல்சாக்கின் பெயரைச் சூட்டியிருந்தார். சோவியத் அரசு 1937-இல் அந்தப் பெயரை நீக்கியது. 2005-இல் அது மீண்டது. அதற்கு முந்தைய ஆண்டு இர்கூத்ஸ்க்கில் அவருக்குச் சிலையும் எழுந்தது. ஆனால், அவரைக் குற்றமற்றவராக அறிவிக்கக் கோரிய மனுவை 1999-இல் ராணுவ நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. தீவின் பெயர் வரைபடத்துக்குத் திரும்பியதை நான் வரவேற்கிறேன். அதைக் கடலில் உழைத்துப் பெற்றிருந்தார். நீதிமன்றத்தின் மறுப்பிலும் எனக்கு வருத்தமில்லை.