காற்றை எரிபொருளாக்க நினைத்தவர்: ஜே.பி.எஸ். ஹோல்டேன்

மாணவர்களே, அரியாலையிலிருந்து ஏ-9 வீதியால் நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம் கடந்து பளைப்பக்கம் போயிருப்பீர்கள். அங்கே சுழலும் காற்றாலைகளைப் பார்த்து, காற்று விழுந்த நாளில் மின்சாரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்ததுண்டா? 1923 இலேயே இதற்கு விடை சொன்னார் ஒருவர். உயிரின் தோற்றம் பற்றிய பாடத்தில் ஒப்பாரினுடன் சேர்த்துச் சொல்லப்படும் அதே ஹோல்டேன்தான் அவர்.

ஜோன் பேர்டன் சாண்டர்சன் ஹோல்டேன் 1892 நவம்பர் 5 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்டில் பிறந்தார். தந்தையார் சுரங்க வாயுக்களை ஆராய்ந்த விஞ்ஞானி. மகனையும் சுரங்கத்துக்குள் கூட்டிச் செல்வார். ஒருமுறை, கூரையோரம் மெதேன் தேங்கிய இடத்தில் சிறுவனை எழுந்து நின்று ஷேக்ஸ்பியரின் நாடக உரையொன்றை ஒப்புவிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் கால் தளர்ந்து விழுந்தான் சிறுவன். நிலத்தில் கிடந்தபோது மூச்சு இலகுவாக வந்தது. மெதேன் வளியிலும் இலேசானது என்ற பாடத்தை அவர் பிறகு மறக்கவேயில்லை. (நீங்கள் இதனைப் பரிசோதிக்க வேண்டாம்!)

முதலாம் உலகப் போரில் போரிட்டுக் காயமடைந்த பின்னர் கேம்பிரிட்ஜில் உயிர் இரசாயனம் கற்பித்தார். அமோனியம் குளோரைட்டைத் தாமே உட்கொண்டு, குருதியின் அமிலத்தன்மை கூடுவதை ஆராய்ந்தவரும் இவரே.

1923 பெப்ரவரி 4 இல் கேம்பிரிட்ஜில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். நிலக்கரியும் எண்ணெயும் சில நூற்றாண்டுகளில் தீர்ந்துவிடும் என்றும், நாடெங்கும் உலோகக் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் என்றும் கூறினார். காற்று பலமாக வீசும்போது மிஞ்சும் மின்னால் நீரை மின்பகுத்து ஐதரசனையும் ஒட்சிசனையும் பெறலாம். அவற்றைத் திரவமாக்கி நிலத்தடித் தாங்கிகளில் சேமிக்கலாம். காற்றில்லாத நாளில் மீண்டும் சேர்த்து மின் பெறலாம் என்பதே அவர் திட்டம். புகையும் சாம்பலும் இல்லை, எஞ்சுவது நீர் மட்டுமே. ஒரே திணிவில் ஐதரசன் பெற்றோலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைத் தரும். இதற்கு நானூறு ஆண்டுகள் செல்லும் என அவர் எண்ணினார்.

ஒரு சிக்கல் இருந்தது. ஐதரசன் திரவமாக −253 பாகை செல்சியசு வரை குளிர வேண்டும்; அதற்கே அதிலுள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு செலவாகும். ஆகவே இன்று ஐதரசனை நைதரசனுடன் சேர்த்து அமோனியாவாக்கும் வழி ஆராயப்படுகிறது. யூரியா தயாரிக்க உதவும் அதே அமோனியாதான். அது −33 பாகையிலேயே திரவமாகும். எரிந்தால் காபனீரொட்சைட்டு வராது. ஆனால் அது நச்சு வாயு. எரியும்போது நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகலாம். இந்த இரண்டையும் விடையில் எழுதாமல் விடாதீர்கள்.

சுயெஸ் மீதான பிரித்தானியாவின் தாக்குதலைக் கண்டித்த ஹோல்டேன், 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கல்கத்தாவில் பணியாற்றினார். வேட்டி, குர்த்தா அணிந்து, சைவ உணவு உண்டு, இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 2023 ஜனவரியில், அவருடைய உரைக்குச் சரியாக நூறு ஆண்டுகள் நிறையும் வேளையில், அந்த நாடு பசுமை ஐதரசன் திட்டத்துக்கு அங்கீகாரம் வழங்கியது. நமக்கு எதிர்க்கரையிலுள்ள தூத்துக்குடித் துறைமுகமும் அதற்காகத் தெரிவு செய்யப்பட்டது.

ஹோல்டேன் 1964 டிசம்பர் 1 இல் புவனேசுவரத்தில் புற்றுநோயால் காலமானார். அவர் விரும்பியபடி உடல் ஆந்திராவின் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்காக அனுப்பப்பட்டது.